சிவப்புக்கு அடியில் பச்சை: ராணுவ பிக்கப் ஒன்றின் பழைய வாழ்க்கையைத் தேடும் வழிகள்

முன்பம்பரில் தண்ணீர் விட்டு, 600ஆம் நம்பர் வாட்டர் பேப்பரால் மெல்லத் தேய்த்தால் முதலில் விரலில் ஒட்டுவது தீயணைப்பு வண்டியின் சிவப்பு. சிவப்பு விலகியதும் சாம்பல் நிற பிரைமர். அதற்கும் கீழே பழுப்பும் பச்சையும் திட்டுத் திட்டாக. அந்தத் திட்டுகளையும் கடந்தால் ஒரே சீரான ஆலிவ் பச்சை வருகிறது. அந்தப் பச்சையின் மேல், கோலம் அழிந்த வாசலில் மிஞ்சும் தடம்போல, வெள்ளையாக ஒரு 2, அதையடுத்து ஒரு 8.

வண்டி என் நண்பருடையது. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்துக் கிராமம் ஒன்றில் வாங்கினார். கைசர் ஜீப் நிறுவனம் ஓஹையோவின் டொலிடோ நகரில் 1967 முதல் 1969 வரை ராணுவத்துக்காகக் கட்டிக் கொடுத்த எம் 715. ஒன்றேகால் டன் பிக்கப், நாலு சக்கரமும் இழுக்கும், துணிக்கூரை, மடித்துப் படுக்கவைக்கும் முன்கண்ணாடி, 24 வோல்ட் மின்சாரம். சந்தையில் விற்ற கிளாடியேட்டர் பிக்கப்பைத்தான் ராணுவத் தேவைக்கு மாற்றினார்கள். முப்பதாயிரத்துக்கும் மேல் செய்தார்கள். விற்றவர் சாவியைக் கொடுக்கும்போது, "இது வியட்நாம் போய்வந்த வண்டி" என்று சொல்லியிருக்கிறார். அது உண்மையா என்று தேடத் தொடங்கிய நண்பரோடு நானும் சேர்ந்துகொண்டேன். ஒரு வண்டியைப் பற்றிய கேள்வியாக ஆரம்பித்தது, எந்த ராணுவம் எதை எழுதி வைக்கிறது, எதை எறிந்துவிடுகிறது என்ற பெரிய கேள்வியில் கொண்டுபோய் விட்டது.

நம் ஊரில் இதை 'டிஸ்போசல் வண்டி' என்போம். ஏலத்தில் எடுத்த ராணுவ ஜீப்பும் ஜோங்காவும் தெருவில் நின்றால் சுற்றிலும் கூட்டம் நிற்கும், கூடவே ஒரு கதையும் நிற்கும். இது சண்டை பார்த்தது, கர்னல் ஏறியது, எல்லையில் குண்டு பட்டது என்று. கதை சொல்கிறவர் பொய் சொல்ல வேண்டும் என்று சொல்வதில்லை. வண்டியில் ஏதோ இருக்கிறது என்பது அவருக்கும் தெரியும், என்ன இருக்கிறது என்பதுதான் தெரியாது. அந்த இடைவெளியை ஆசை நிரப்பிவிடுகிறது.

தேடுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது தகடு. அமெரிக்க ராணுவ வண்டிகளில் ஓட்டுநர் இருக்கைக்கு எதிரே சின்ன உலோகத் தகடுகள் ஆணியடித்துப் பதித்திருக்கும். வண்டியின் முறையான பெயர், தொடர் எண், எடை, கியர் போடும் முறை எல்லாம் அதில் இருக்கும். எம் 715 போன்றவற்றில் ராணுவத்திடம் ஒப்படைத்த தேதியும் இருக்கும். நண்பரின் வண்டியில் அது 1968. பிந்தைய வண்டிகளில் ஒப்பந்த எண்ணே ஒரு சிறு வரலாறு. 'டிஏஏஇ07' என்று தொடங்கினால், மிச்சிகன் மாநிலம் வாரன் நகரில் இருக்கும் ராணுவ வாகனக் கொள்முதல் அலுவலகம் போட்ட ஒப்பந்தம். அடுத்து வரும் இரண்டு இலக்கம் ஒப்பந்தம் போட்ட நிதியாண்டு. வண்டி கட்டிய ஆண்டு அதுதான் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. ஒப்பந்தம் ஓர் ஆண்டில் கையெழுத்தாகும், வண்டி அடுத்த சில ஆண்டுகளில் வந்துகொண்டே இருக்கும். 1984 முதல் 1987 வரை வந்த செவர்லே எம் 1008 டீசல் பிக்கப்பில் இந்தக் குழப்பம் இல்லை. அதன் பதினேழு இலக்க வாகன எண்ணில் பத்தாவது எழுத்தைப் பார்த்தால் போதும். 'இ' என்றால் 1984, 'எஃப்' என்றால் 1985.

தகட்டில் ஒரு ஆபத்து உண்டு. அதைக் கழற்றலாம், வேறு வண்டியில் மாட்டலாம், புதிதாக அச்சடித்தும் வாங்கலாம். ஆகவே தகட்டு எண், சேசிஸில் குத்திய எண், பானெட்டின் பக்கவாட்டில் ஸ்டென்சில் வைத்து எழுதிய ராணுவப் பதிவு எண் ஆகிய மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மூன்றும் ஒரே வண்டியைக் காட்டினால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. பானெட் எண் மட்டும் பொருந்தாமல் போனால் பதற வேண்டாம், பானெட் மாற்றியிருப்பார்கள்.

பழைய வண்டிகளில் இந்தப் பதிவு எண்ணுக்கே தனி மொழி உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்து டாட்ஜ் முக்கால் டன் வண்டிகளின் பானெட்டில், தொடக்கத்தில் எண்ணுக்கு முன்னால் 'டபிள்யூ' இருந்தது, போர்த் துறையின் அடையாளமாக. பின்னால் 'எஸ்' என்று ஒட்டியிருந்தால், வண்டியின் மின்சாரம் வானொலியில் இரைச்சல் உண்டாக்காதபடி அடக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். விமானப்படை வண்டியாக இருந்தால் பதிவு எண்ணின் முதல் இரண்டு இலக்கமே ஆண்டைச் சொல்லிவிடும். தரைப்படையில் அந்த வசதி இல்லை.

அடுத்தது பம்பர். எனக்கு இந்தத் தேடலில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். வண்டிக்கு எதிரே நின்று பார்த்தால் இடப்பக்கம் பெரிய படைப்பிரிவும் அதற்குள் அடங்கும் பட்டாலியனும், வலப்பக்கம் கம்பெனியும் அந்தக் கம்பெனியில் இந்த வண்டிக்குரிய வரிசை எண்ணும் எழுதுவார்கள். ஒரு டிவிஷன் எண்ணோடு 'ஐ' வந்தால் காலாட்படை, 'ஏபி' வந்தால் பாராசூட் படை, முக்கோணம் வந்தால் கவசப்படை. பின்னாலும் அதே வரிசையில் எழுதுவார்கள். கடிதத்தின் முகவரியைப் போலத்தான், பெரிய ஊரிலிருந்து கதவு எண் வரை. வண்டி வேறு படைக்குப் போனால் பழைய முகவரி மேல் பச்சை பூசிப் புது முகவரி எழுதுவார்கள். சுரண்டி எடுக்கவில்லை, மேலே மேலே பூசினார்கள். அந்தச் சோம்பல்தான் நமக்குக் கிடைத்த வரம்.

பெயின்ட் அடுக்கு ஒரு காலண்டர். 1950களிலும் 60களிலும் லேசான பளபளப்பு உள்ள ஒற்றைப் பச்சை, அதன் மேல் வெள்ளை எழுத்து. 1970களில் பச்சை, பழுப்பு, மணல், கறுப்பு என நாலு நிறத்தில் மறைப்பு வண்ணம் வந்தது. வெள்ளை எழுத்து தூரத்திலிருந்து தெரியும் என்பதால் கறுப்பு எழுத்தாக அடக்கினார்கள். 1980களின் நடுவில் பச்சை, பழுப்பு, கறுப்பு என மூன்று நிறம், ரசாயனத் தாக்குதலைத் தாங்கும் புதுவகைப் பெயின்ட்டில். 1991 வளைகுடாப் போருக்கு மணல் நிறம். இந்த வரிசை தெரிந்தால், ஓர் எழுத்து எந்த அடுக்கில் இருக்கிறது என்பதைக் கொண்டு அது எந்தக் காலத்தது என்று சொல்லிவிடலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அந்த எண்பதுகளின் பெயின்ட்டையும், அதற்கு முந்தைய ஈயம் கலந்த பெயின்ட்டுகளையும் உலரத் தேய்த்து அந்தத் தூசியைச் சுவாசிக்கக் கூடாது. தண்ணீர் விட்டுத்தான் தேய்க்க வேண்டும், முகமூடி வேண்டும். கிரைண்டரை வைத்து ஒரே மூச்சில் இரும்பு வரைக்கும் போகிறவர் தன் நுரையீரலையும் கெடுத்துக்கொள்கிறார், தேடி வந்ததையும் தூளாக்கிவிடுகிறார். ஒரு முறை தேய்த்துப்போனால் திரும்ப வராத ஆவணம் இது. பட்டறையில் கொடுத்துப் 'பளிச்சென்று' ஆக்கிவிட்டு, பிறகு வரலாறு தேடிய எத்தனையோ பேரைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

மணல் நிறம் இருந்தால் வளைகுடா பார்த்த வண்டி என்று முடிவு கட்டவும் கூடாது. கலிபோர்னியாவின் பாலைவனப் பயிற்சித் தளத்திலும் மணல் நிற வண்டிகள் இருந்தன. வாங்கியவர் ஆசைப்பட்டு அடித்த மணல் நிறமும் உண்டு. ஓர் அடுக்கு எதற்கு மேல் இருக்கிறது, எதற்குக் கீழ் இருக்கிறது என்பதே சாட்சி. தனி நிறம் சாட்சியல்ல.

சரி, காகிதம் எங்கே போனது? அமெரிக்க ராணுவத்தில் 1960களிலிருந்து ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பதிவேடு இருந்தது. 2408 என்ற வரிசையில் வரும் படிவங்கள். அதில் 2408-9 என்ற படிவம்தான் நமக்கு வேண்டியது. வண்டி எப்போது ஏற்கப்பட்டது, எந்தப் பிரிவிலிருந்து எந்தப் பிரிவுக்கு மாறியது, எப்போது கணக்கிலிருந்து நீங்கியது எல்லாம் அதில் ஏறும். அது ஒன்று கிடைத்தால் முழு வாழ்க்கையும் கையில். சில வண்டிகளில் இருக்கைக்கு அடியில், கருவிப் பெட்டியில், எண்ணெய்க் கறையோடு இந்தப் படிவங்கள் கிடைத்திருக்கின்றன. பெரும்பாலும் கிடைப்பதில்லை. வண்டி கணக்கிலிருந்து நீங்கியதும் அந்தக் காகிதத்தின் வேலையும் முடிந்துவிட்டது. மேரிலாந்தில் காலேஜ் பார்க் ஊரில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தில் படைப்பிரிவுகளின் அறிக்கைகள் மலையாகக் கிடக்கின்றன, ராணுவத் தொடர்புப் படையினர் எடுத்த புகைப்படங்கள் பெட்டி பெட்டியாக இருக்கின்றன. தனியொரு வண்டியின் வாழ்க்கைக் கோப்பைத்தான் அங்கே எதிர்பார்க்க முடியாது. தகவல் சுதந்திரச் சட்டம் 1966இலேயே வந்துவிட்டது. இல்லாத காகிதத்தை எந்தச் சட்டமும் தராது.

இதைப் பற்றிக் கோபப்படுகிறவர்கள் உண்டு. எனக்குக் கோபம் வரவில்லை, காரணம் புரிகிறது. ராணுவம் வண்டியைச் சொத்தாகப் பார்த்தது. காணாமல் போனால் யார் பணம் கட்டுவது, அடுத்த சர்வீஸ் எப்போது, இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லவே எழுதினார்கள். சொத்து கைமாறியதும் கணக்கு மூடப்பட்டது. நாம் தேடும் 'வாழ்க்கை' என்பது அந்தக் கணக்குப்பிள்ளையின் மனதில் இருந்ததே இல்லை. ஆகவே தேடுகிறவர் கேட்க வேண்டிய கேள்வி, பணத்துக்கோ பொறுப்புக்கோ பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் எந்த இடத்தில் யாருக்கு இருந்தது என்பதே. காகிதம் அங்கேதான் மிஞ்சியிருக்கும்.

அப்படி மிஞ்சும் ஓர் இடம் பழுதுபார்க்கும் டிப்போ. யூட்டாவில் டூயெலி, டெக்ஸஸில் ரெட் ரிவர், பென்சில்வேனியாவில் லெட்டர்கென்னி போன்ற பெரிய டிப்போக்களில் வண்டியை முழுக்கப் பிரித்துக் கட்டி, டிப்போ பெயரும் தேதியும் போட்டு ஒரு தகடு அடிப்பார்கள். அந்தத் தகடு பொன். கூடவே ஒரு சிக்கலையும் கொண்டுவருகிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் பசிபிக் தீவுகளில் கைவிடப்பட்டுக் கிடந்த வண்டிகளை 'ஆபரேஷன் ரோல்-அப்' என்ற பெயரில் திரட்டி, ஜப்பானியப் பட்டறைகளில் புதுப்பித்தார்கள். 1950இல் கொரியப் போர் வெடித்தபோது அந்த வண்டிகள்தான் முதலில் கைகொடுத்தன. அப்படிக் கட்டும்போது ஒரு வண்டியின் சேசிஸ், இன்னொன்றின் இஞ்சின், மூன்றாவதின் பெட்டி ஒன்றாகச் சேரும். எந்த வண்டியின் வரலாற்றை நாம் தேடுகிறோம்? சேசிஸைத்தான் வண்டி என்று நான் கொள்கிறேன். சட்டமும் பெரும்பாலும் அப்படியே கொள்கிறது. ஆனால் ஒரு தீவின் மணலில் கிடந்த கதவுக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதை மறுக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னோர் இடம், ராணுவத்தை விட்டு வெளியேறும் வாசல். விற்ற வண்டிக்கு 'படிவம் 97' என்ற சான்றை அமெரிக்க அரசு தருகிறது. அதை வைத்துத்தான் வாங்கியவர் தன் மாநிலத்தில் உரிமைப் பத்திரம் எடுக்க முடியும், நம் ஊரில் ஆர்.சி. புக் எடுப்பதுபோல. அந்தச் சான்றில் எந்த அலுவலகம் விற்றது, எந்தத் தேதியில் விற்றது என்பது இருக்கும். உரிமைப் பத்திரத்தில் வரும் மாடல் ஆண்டை மட்டும் நம்ப வேண்டாம். விற்ற ஆண்டையோ டிப்போவில் கட்டிய ஆண்டையோ எழுதிவிட்ட பத்திரங்கள் நிறைய.

எல்லா வண்டியும் நேரே ஏலத்துக்குப் போகவில்லை. 1976, 77இல் டாட்ஜ் எம் 880 பிக்கப்புகள் நாற்பதாயிரத்துக்கும் மேல் வந்து இறங்கியதும் எம் 715க்கு வேலை குறைந்தது. அவற்றில் பல, அமெரிக்க வனத்துறையின் ஒரு திட்டத்தின் வழியாகக் கிராமத் தீயணைப்புக் குழுக்களுக்குப் போயின. காட்டுப் பாதையில் ஏறிப் புதர்த்தீ அணைக்க இதைவிடப் பொருத்தமான வண்டி அவர்களுக்குக் கிடைத்திருக்காது. இதில் கவனிக்க வேண்டியது, வண்டி குழுவுக்குச் சொந்தமாகவில்லை. சொந்தம் மத்திய அரசிடமே இருந்தது. வேலை முடிந்ததும் கணக்குக் காட்டித் திருப்பித் தர வேண்டும். கணக்குக் காட்ட வேண்டிய இடத்தில் காகிதம் மிஞ்சும் என்றேனே, இங்கே அது பலித்தது. தன்னார்வத் தீயணைப்புக் குழுக்கள் தங்கள் கூட்டக் குறிப்பேட்டையும் ஆண்டுவிழா மலர்களையும் கோயில் நகைபோலக் காக்கிறார்கள். ராணுவக் காப்பகத்துக்கு எழுதிப் பதிலுக்குக் காத்திருப்பதற்கு முன், அந்த ஊர் தீயணைப்பு நிலையத்தில் போய் ஒரு காபி குடித்துவிட்டு வரலாம். வண்டி வந்த நாளின் புகைப்படம் சுவரிலேயே மாட்டியிருக்கக்கூடும், சிவப்பு அடிப்பதற்கு முன்னால் எடுத்தது.

பிரிட்டனில் நிலைமை வேறு. அங்கே லேண்ட் ரோவர் பிக்கப் வாங்கியவர்களை நினைத்தால் எனக்குப் பொறாமையாகவே இருக்கிறது. 1949இலிருந்து அங்கே ராணுவ வண்டிக்கு இரண்டு இலக்கம், இரண்டு எழுத்து, இரண்டு இலக்கம் என்று ஒரு பதிவு எண். அந்த எண்ணுக்கு ஓர் அட்டை. வண்டி எந்த ஒப்பந்தத்தில் வந்தது, எந்த டிப்போவில் நின்றது, எந்தப் படைக்கு எந்தத் தேதியில் போனது, எப்போது கழிக்கப்பட்டது என்று கையால் எழுதிய வரிகள். அந்த அட்டைகளை எரிக்காமல் வைத்தார்கள். வின்செஸ்டர் அருகே வொர்த்தி டவுனில் இருக்கும் ராயல் லாஜிஸ்டிக் கோர் அருங்காட்சியகத்துக்கு எண்ணோடு எழுதிக் கட்டணம் செலுத்தினால் தேடித் தருகிறார்கள். கேய்டனில் இருக்கும் பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகம், தொழிற்சாலையை விட்டு வண்டி வெளியேறிய நாளுக்குச் சான்று தருகிறது. இரண்டையும் சேர்த்தால் பிறப்பும் பணியும் ஓய்வும் ஒரே கோட்டில் வந்துவிடும். 1980களில் அட்டைகள் போய்க் கணினி வந்ததிலிருந்து அந்தக் கோடு மங்குகிறது. பழைய அட்டை பூட்டிய அலமாரியில் கிடந்தது, கிடந்ததால் பிழைத்தது.

அட்டையின் பலத்தை ஒரு விஷயத்தில் நன்றாகப் பார்க்கலாம். எஸ்.ஏ.எஸ். என்ற பிரிட்டிஷ் சிறப்புப் படைக்காக 1968இல் 72 லேண்ட் ரோவர்களை கேம்பிரிட்ஜின் மார்ஷல் நிறுவனம் பாலைவன ரோந்துக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுத்தது. இளஞ்சிவப்பு அடித்ததால் 'பிங்க் பேந்தர்' என்று பெயர். அந்தப் புகழால், சாதாரண லேண்ட் ரோவருக்கு இளஞ்சிவப்பு அடித்தவர்கள் ஏராளம். ஆனால் எண்ணிக்கை 72, அவை தனி ஒப்பந்தத்தில் வந்தவை. பதிவு எண்ணைச் சொன்னால் சரிபார்த்துவிடலாம். பெயின்ட் என்ன கதை சொன்னாலும் அட்டை இல்லையென்றால் இல்லை. அமெரிக்க எம் 715க்கு இப்படி ஒரு நீதிபதி இல்லை என்பதுதான் என் நண்பரின் வருத்தம்.

இந்திய ராணுவ வண்டியின் நம்பர் பிளேட்டை நாம் எல்லோரும் சாலையில் பார்த்திருக்கிறோம். மேல்நோக்கிய அம்பு, அதையடுத்து இரண்டு இலக்கம். அந்த இரண்டு இலக்கம் வண்டி வாங்கிய ஆண்டு. ஜபல்பூர் தொழிற்சாலையில் கட்டிய ஜோங்காவோ நிசான் ஒரு டன் வண்டியோ வாங்கியவர், ஏலம் எடுத்த காலத்து விடுவிப்புக் காகிதத்தில் இந்த எண் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் லேமினேட் செய்து வைத்துக்கொள்ளட்டும். ஆர்.டி.ஓ. நம்பர் விழுந்த பிறகு அந்த அம்பு எண்ணை யாரும் சீண்டுவதில்லை. பழைய அடையாளத்துக்குப் போகும் ஒரே பாலம் பலருக்கு அந்த ஒற்றைத் தாள்தான்.

மறுபடி நண்பரின் பம்பருக்கு வருகிறேன். 28 என்றால் 28ஆம் காலாட்படை டிவிஷன், பென்சில்வேனியா தேசியக் காவல் படையின் பெருமை. அதே மாநிலத்தில் வாங்கிய வண்டி. எல்லாம் பொருந்துகிறது, பக்கத்து ஊர்ப் படை முகாமிலிருந்து நேரே தீயணைப்பு நிலையத்துக்கு வந்திருக்கிறது என்று நாங்கள் இருவரும் அன்று மாலை மகிழ்ந்தோம். இரண்டு நாள் கழித்துத்தான் அடுக்கு நினைவுக்கு வந்தது. வெள்ளை 28, மறைப்பு வண்ணத்துக்குக் கீழே இருக்கிறது. ஆக, வண்டி வந்த 1968க்கும் எழுபதுகளின் நடுப்பகுதிக்கும் இடையில் எழுதியது. அதே காலத்தில்தான் அந்த டிவிஷனைக் கலைத்துக் கட்டி, பென்சில்வேனியாவோடு மேரிலாந்து, வர்ஜீனியா படைகளையும் அதற்குள் சேர்த்திருந்தார்கள். 28 என்ற எண் இப்போது மூன்று மாநிலங்களைக் காட்டுகிறது. அடுக்கைப் பார்க்காமல் இருந்திருந்தால் நாங்களும் ஒரு கதையை நம்பி, அடுத்தவருக்குச் சொல்லியிருப்போம்.

வியட்நாமுக்கு என்ன சாட்சி? எம் 715 அங்கே ஓடியது உண்மை. ஆனால் அங்கே போன அமெரிக்கத் தளவாடங்களில் பெரும் பங்கு தென்வியட்நாம் படையிடமே ஒப்படைக்கப்பட்டது. இந்த வண்டியின் முதல் பச்சைக்கும் மறைப்பு வண்ணத்துக்கும் இடையில் வேறு எண்ணோ வேறு பச்சையோ எங்களுக்குக் கிடைக்கவில்லை. விற்றவர் சொன்னதைப் பொய் என்று எழுத மாட்டேன். தாளில் நாங்கள் எழுதி வைத்தது இவ்வளவுதான்: 1968இல் ஒப்படைப்பு, தகட்டின்படி. எழுபதுகளின் நடுவுக்குள் 28ஆம் டிவிஷன், பம்பரின்படி. மறைப்பு வண்ணம் அடித்த பிறகும் ராணுவப் பணி, அடுக்கின்படி. பின்னர் தீயணைப்பு. ஒவ்வொரு வரிக்கும் எதிரே அதன் சாட்சி.

எந்தப் பட்டாலியன், எந்தக் கம்பெனி என்பது மீதி இருக்கிறது. முன்பம்பரின் வலப்பக்கத்தைத் தீயணைப்புக் குழுவினர் குழாய்ச் சுருள் பொருத்துவதற்காக அறுத்து வெல்டிங் செய்திருக்கிறார்கள், அங்கே எதுவும் இல்லை. ஆனால் எம் 715க்குப் பின்னால் இரண்டு சின்ன பம்பர் துண்டுகள் உண்டு, அவற்றிலும் அதே முகவரியை எழுதுவது வழக்கம். இடத்துண்டைத் தேய்த்தாயிற்று, 28ஐ ஒட்டி ஒரு 'ஐ' தெரிகிறது, மற்றதைத் துரு தின்றுவிட்டது. வலத்துண்டு இன்னும் சிவப்பிலேயே இருக்கிறது. குளிர் குறையட்டும், நல்ல வெளிச்சத்தில் ஒவ்வொரு அடுக்கையும் படம் எடுத்துக்கொண்டே தேய்க்கலாம் என்று நண்பர் காத்திருக்கிறார்.